பெயர் சொல்லாமல் எழுதியும் அடையாளம் தெரிந்துவிட்டது: பொதுவில் எதை எழுதலாம், எதை விடலாம்?

தாழ்வாரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஒரு பொதுத்தளத்தில் வேறொரு புனைபெயரில் எழுதி வருகிறேன். பெரும்பாலும் நடுக்குவாத நோயுடன் வாழும் என் தாயாரைப் பார்த்துக்கொள்வது பற்றியும், இடையிடையே அலுவலக வாழ்க்கை, படித்தவை, பயணங்கள் பற்றியும் எழுதுவேன். தொடக்கத்திலிருந்தே எச்சரிக்கையாகத்தான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் பெயரையோ, ஊரையோ, நிறுவனத்தையோ ஒரு முறைகூடக் குறிப்பிட்டதில்லை. முகம் தெரியும் படம் ஒன்றைக்கூடப் போட்டதில்லை. தொலைபேசி எண் கேட்ட வாசகர்களுக்கு அதைக் கொடுத்ததும் இல்லை.

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், சேர்ந்த மூன்றாவது வாரத்தில், அருகில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, “மருந்தை மாற்றிய பிறகு அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருகிறதா?” என்று கேட்டார். அலுவலகத்தில் ஒருவரிடமும் என் தாயாரின் நோயைப் பற்றி நான் சொன்னதில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. நான்கைந்து ஆண்டுகளாக என் எழுத்தைப் படித்து வருபவராம், அக்கறையில்தான் கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விவரம்தான் என்னை இன்றுவரை உறங்கவிடவில்லை.

என் மேசையில் விரிசல் விட்ட தொட்டியொன்றைச் செப்புக்கம்பியால் கட்டி அதில் ஒரு கள்ளிச்செடி வைத்திருக்கிறேன். அதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு படமெடுத்துப் பதிவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிறு சந்தேகம் எழுந்திருக்கிறது. இடக்கையால் எழுதுவதில் உள்ள தொல்லைகளைப் பற்றி ஒரு பதிவும், பிப்ரவரி 29-இல் பிறந்ததை வைத்து என்னை நானே கேலி செய்துகொண்ட ஒரு பதிவும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கின்றன. நான் பேசும்போது “அது கிடக்கட்டும்” என்று சொல்லிப் பேச்சை மாற்றுவதைக் கேட்டதும் சந்தேகம் தீர்ந்துவிட்டதாம். என் பதிவுகளில் பாதி அந்தத் தொடரோடுதான் திரும்புகின்றன என்றார். எனக்கே அது தெரியாது.

இப்போது என் குழப்பம் இதுதான். ஒன்பது ஆண்டு எழுத்தையும் நீக்கிவிட வேண்டுமா? நீக்கினால் உண்மையிலேயே அது போய்விடுமா? இனிமேல் எழுதுவதாக இருந்தால், ஒரு விவரத்தைப் பொதுவில் வைக்கலாமா கூடாதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? “கடவுச்சொல்லைச் சொல்லாதே, முகவரியைச் சொல்லாதே” என்ற வழக்கமான அறிவுரை எனக்குப் போதவில்லை. அவற்றில் ஒன்றையும் நான் மீறவில்லையே.

நூலாம்படை எழுதியது:

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடையின் பாதி இருக்கிறது. வழக்கமான அறிவுரைகள் எல்லாம் ஒவ்வொரு விவரத்தையும் தனியாக நிறுத்தி, “இது ஆபத்தானதா?” என்று கேட்கின்றன. கள்ளிச்செடித் தொட்டி ஆபத்தானதன்று. இடக்கைப் பழக்கமும் ஆபத்தானதன்று. ஆனால் படிப்பவர் அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, சேர்த்துப் பார்க்கிறார். நீங்கள் ஒன்பது ஆண்டு இடைவெளியில் எழுதியதை ஒருவர் ஒரே இரவில் உட்கார்ந்து படித்துவிடலாம் என்பதுதான் எழுதும்போது நமக்குத் தோன்றாத உண்மை.

கணக்காகவே பார்ப்போம். பிப்ரவரி 29-இல் பிறப்பவர் ஏறத்தாழ 1,461 பேரில் ஒருவர். உங்கள் அலுவலகத்தில் 400 பேர் இருப்பதாக வைத்துக்கொண்டால், உங்களைத் தவிர இன்னொருவரும் அந்த நாளில் பிறந்திருப்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றை ஒட்டி இருக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பத்தில் ஒருவர் அளவில் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால், அந்த 400 பேரில் இன்னொருவர் இரண்டுக்கும் பொருந்துவதற்கான வாய்ப்பு முப்பத்தைந்தில் ஒன்றுகூட இல்லை. நோய், தொட்டி, பேச்சு வழக்கு எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. அதற்குள் நீங்கள் ஒருவர்தான் மிஞ்சுகிறீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி, 1990-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி ஆகிய மூன்று மட்டும் தெரிந்தாலே அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று காட்டினார். மூன்றும் படிவங்களில் நாம் யோசிக்காமல் நிரப்புபவை. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் தேடிய சுமார் 2 கோடித் தேடல் சொற்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரே எண்ணின் கீழ் வந்த தேடல்களை வரிசையாகப் படித்தே, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்த எண்ணுக்கு உரிய பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அவர் தன் பெயரை எங்கும் சொல்லவில்லை. தன் ஊர்ப்பக்கத்துச் சேவைகளையும், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களையும், தன் உடல் உபாதைகளையும் தேடியிருந்தார், அவ்வளவுதான்.

ஒருவருடைய விவரங்கள் மட்டுமன்றிப் பலருடைய விவரங்கள் சேர்ந்தாலும் இதுவே நடக்கும். ஓட்டப்பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி, 2017 நவம்பரில் உலகெங்கும் அதன் பயனர்கள் ஓடிய தடங்களை ஒளிக்கோடுகளாகக் காட்டும் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் தனிமனிதர் பெயர் எதுவும் இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாத பாலைநிலங்களில் சில கோடுகள் ஒளிர்வதைக் கவனித்துச் சொன்ன பிறகுதான், அவை இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. ஓடிய ஒவ்வொரு வீரரும் தான் ஓடியதை மட்டுமே பகிர்ந்ததாக நினைத்திருப்பார்.

ஆகவே “எதைச் சொல்லலாம்?” என்ற கேள்வியை, “ஏற்கெனவே சொன்னவற்றோடு இது சேரும்போது என்ன ஆகும்?” என்று மாற்றிக் கேளுங்கள். நான் என்னளவில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். முதலாவதாக, மாறக்கூடிய விவரம், மாறாத விவரம் என்று பிரித்துக்கொள்வேன். இன்றைய மனநிலை, படித்த கட்டுரை, பார்த்த மழை ஆகியவை நாளை பழையவை. பிறந்த தேதி, உடலின் தனிக்குறி, தாயாரின் இயற்பெயர், முதலில் படித்த பள்ளி ஆகியவை சாகும்வரை மாறாதவை. மாறாதவற்றில் ஒன்றை ஒரு முறை வெளியே விட்டுவிட்டால் திரும்ப அழைக்க வழியில்லை. கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த நாளை மாற்ற முடியாது. தவிரவும், கணக்கை மீட்பதற்காகத் தளங்கள் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகள் பெரும்பாலும் இந்த மாறாத விவரங்களைத்தான் கேட்கின்றன. 2008-இல் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாகூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்தது இப்படித்தான்: பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய மூன்றும் பொதுவெளியிலேயே கிடைத்தன. அந்தக் கேள்விகளுக்கு உண்மையான விடையைத் தர வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நான் கடவுச்சொல்லைப் போலவே ஏதோ ஓர் அர்த்தமற்ற எழுத்துக்கோவையைத் தந்து, அதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, காலத்தைக் கலைப்பது. மின்தூக்கி நின்றுபோனதை அன்றே எழுதினால் அந்தக் கட்டடத்தில் அன்று இருந்த அனைவருக்கும் அது அடையாளம். மூன்று மாதம் கழித்து “ஒரு நாள் மின்தூக்கி நின்றது” என்று எழுதினால் வெறும் கதை. எழுத்தின் சுவை இதனால் குறைவதில்லை. பயணத்தைத் திரும்பி வந்த பிறகு எழுதுவதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது, பெயர். எல்லாத் தளங்களிலும் ஒரே புனைபெயரையும் ஒரே முகப்புப் படத்தையும் வைத்திருப்பவர்களுக்குப் புனைபெயரே இல்லை என்றுதான் பொருள். ஒரு தளத்தில் உண்மைப் பெயரோடும் இன்னொன்றில் புனைபெயரோடும் அதே மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தியிருந்தாலும் அப்படியே.

சொல்நடை பற்றி நீங்கள் சொன்னது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஒருவர் எந்தச் சொற்களை எத்தனை முறை ஆள்கிறார் என்று எண்ணிப் பார்த்து, எழுதியவர் யார் என்று கண்டறிவதற்கு நடையளவியல் என்ற ஒரு துறையே இருக்கிறது. ஆனால் அதற்காக உங்கள் நடையை மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை. அது கிடக்கட்டும்.

ஆறாம்விரல் எழுதியது:

நான் படங்களோடு பிழைப்பவன். பழைய ஒளிப்படங்களை எண்மப்படுத்துவது என் தொழில். அதனால் நண்பர் விட்டுவிட்ட பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஒரு படத்தில் நாம் காட்ட நினைத்தது கொஞ்சம், காட்டியது நிறைய. அதிலும் கண்ணுக்குத் தெரியாத பகுதி முதலில். கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் எக்சிஃப் எனப்படும் குறிப்பு ஒன்று சேர்ந்தே சேமிக்கப்படுகிறது: எந்தக் கருவி, எந்த நாள், எந்த நொடி, இடக்குறிப்பை அணைத்து வைக்காவிட்டால் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை என்பது வரை. அந்த எண்களில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். வீடு மட்டுமன்று, வீட்டில் எந்த அறை என்பதுகூட ஊகிக்கக் கூடியதாகிவிடும். (கட்டடங்களுக்குள் கைப்பேசி அவ்வளவு துல்லியமாகக் கணிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 2012 டிசம்பரில், காவல்துறை விசாரணைக்குத் தேடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபியைச் சந்தித்த ஒரு பத்திரிகை, அவருடன் எடுத்த படத்தை இணையத்தில் வெளியிட்டது. படத்தோடு ஜி.பி.எஸ். குறிப்பும் போய்விட்டதால் அவர் குவாத்தமாலாவில் இருப்பது உடனே தெரிந்துவிட்டது. சில நாள்களில் கைதும் செய்யப்பட்டார். கணினிப் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்த மனிதருக்கு நேர்ந்த கதி இது.

பெரிய சமூக ஊடகங்கள் பொதுவில் காட்டும் படத்திலிருந்து இந்தக் குறிப்பை உரித்துவிடுகின்றன. ஆனால் அந்நிறுவனங்கள் தமக்கென அதை வைத்துக்கொள்வதில்லை என்று அதற்குப் பொருளில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் குறிப்பு போய்விடும், தரம் குறையக் கூடாது என்று அதையே ஆவணமாக அனுப்பினால் குறிப்பும் முழுமையாகச் சேர்ந்தே போகும். இந்த வேறுபாடு தெரியாமல் எனக்குப் படம் அனுப்பும் வாடிக்கையாளர்களின் வீடு எங்கே என்று அவர்கள் சொல்லாமலேயே எனக்குத் தெரிகிறது. நான் பார்ப்பதில்லை, ஆனால் பார்க்க முடியும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் நாம் கவனிக்காதவை. விமானப் பயண அனுமதிச் சீட்டைப் படமெடுத்துப் போடுவது பெருமைக்குரிய வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் இன்ஸ்டாகிராமில் அப்படி ஒன்றைப் போட்டார். அதிலிருந்த முன்பதிவுக் குறியீட்டையும் அவர் பெயரையும் வைத்து ஓர் இளைஞர் விமான நிறுவனத் தளத்துக்குள் நுழைந்தபோது, அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த தரவில் அவருடைய கடவுச்சீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும் கிடந்தன. நல்லவேளையாக அந்த இளைஞர் அதை உரியவர்களுக்குத் தெரிவித்தார். சாவியும் இப்படித்தான். புதுவீட்டுச் சாவியை விரலிடுக்கில் தொங்கவிட்டுப் படமெடுத்துப் போடுகிறார்கள். 2008-இலேயே கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே சாவியின் வெட்டுகளை அளந்து மாற்றுச்சாவி செய்ய முடியும் என்று காட்டிவிட்டார்கள். சாவி என்பது வெட்டுகளின் ஆழத்தைக் குறிக்கும் சில எண்கள், அவ்வளவுதான். படத்தில் அந்த எண்கள் இருக்கின்றன.

மறைத்துவிட்டுத்தானே போடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு செய்தி. திரைப்பிடிப்பில் வேண்டாத பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் அது போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூகுள் பிக்சல் கைப்பேசிகளோடு வந்த படத்திருத்தி, வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியபோது, பழைய கோப்பின் மீதிப் பகுதியை அப்படியே வாலாக விட்டுவைத்திருந்தது என்பது 2023 மார்ச்சில் வெளியானது. வெட்டிய பகுதியைப் பல படங்களிலிருந்து மீட்க முடிந்தது. குறையைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் வெளியில் போன படங்கள் போனவைதான். மையிடும் கருவியால் கறுப்புக்கோடு போடுபவர்கள் இன்னும் மோசம்: அந்தக் கோடு அரைகுறை ஒளிபுகும் தன்மை உடையது என்பதால், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். முழுக் கறுப்புப் பெட்டியால் மூடி, மூடிய படத்தை மறுபடி ஒரு திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் புதிய கோப்பைப் பகிருங்கள். அழகாக இருக்காது, ஆனால் அடியில் ஒன்றும் இருக்காது.

தொட்டியைப் பற்றி: தாழ்வாரம் அவர்களே, அந்தப் படத்தில் சன்னல் தெரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள். எனக்குத் தொட்டியைவிடச் சன்னல்தான் கவலை. வெளியே தெரியும் கட்டடத்தின் விளிம்பு ஒன்று போதும், விழும் நிழல் ஒன்று போதும், எந்தப் பக்கம் பார்த்த எத்தனையாவது மாடி என்று பொழுதுபோக்காகக் கண்டுபிடிப்பவர்கள் இணையத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அளவுகோல் எழுதியது:

நூலாம்படையின் விளக்கத்தில் ஒரே ஒரு திருத்தம். அந்த 87 விழுக்காடு பிறகு மறுபரிசீலனைக்கு உள்ளானது. 2006-இல் ஃபிலிப் கோல் என்பவர் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டு, அது 63 விழுக்காடு என்றார். வாதம் இதனால் தளர்ந்துவிடவில்லை. மூன்று விவரங்களுக்கு மூன்றில் ஏறத்தாழ இருவர் என்பதே போதுமான அளவு பெரிய எண். ஆனால் எல்லோரும் பழைய எண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பின்வாசல் எழுதியது:

நீக்கினால் போய்விடுமா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. போகாது, ஆனாலும் நீக்குவது வீணன்று. இவை இரண்டும் முரண்போலத் தோன்றும், விளக்குகிறேன்.

நீங்கள் நீக்குவது உங்கள் பிரதியை. வேறு பிரதிகள் எங்கெங்கே இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 1996 முதல் பொது வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைத்து வருகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், 2006 முதல் 2017 இறுதி வரை ட்விட்டரில் பொதுவில் எழுதப்பட்ட எல்லாக் குறும்பதிவுகளின் எழுத்துப் பகுதியையும் சேகரித்தது. பேருந்துக்குக் காத்திருந்தபோது கைபோன போக்கில் தட்டிய வரிகளும் அதில் அடக்கம். மேலே சொன்ன ஏ.ஓ.எல். தரவையும் அந்நிறுவனம் சில நாள்களிலேயே நீக்கிவிட்டது, ஆனால் அதற்குள் நகல்கள் பரவிவிட்டன. முகம் தெரியும் படங்களின் நிலை இன்னும் கடினம். கிளியர்வியூ என்ற நிறுவனம் பொதுத்தளங்களிலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒரு முகத்தைக் கொடுத்தால் அதே முகம் உள்ள பிற படங்களைக் காட்டும் கருவியை உருவாக்கியிருந்தது என்பது 2020 ஜனவரியில் வெளிவந்தது. நீங்கள் முகத்தைப் போடாதது மிக நல்ல முடிவு.

அப்படியென்றால் ஏன் நீக்க வேண்டும்? உங்களைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் விடாப்பிடியான துப்பறிவாளர்கள் அல்லர். பெயரைத் தேடுபொறியில் இட்டு முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்கு, இல்லாதது இல்லாததுதான். பூட்டு திருடனைத் தடுக்காது என்பதற்காக யாரும் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதில்லையே.

வரிசை முக்கியம். முதலில் மூலப் பதிவைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும். பிறகு, பழைய படியைக் காட்டிக்கொண்டிருக்கும் தேடுபொறிக்கு அதைப் புதுப்பிக்கக் கோரும் படிவம் உண்டு, அதை நிரப்பலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்புக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வழி இருக்கிறது: ஒருவருடைய பெயரைத் தேடும்போது வரும், காலம் கடந்த அல்லது பொருத்தமற்ற இணைப்புகளை அவர் கோரினால் தேடுபொறி நீக்க வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது, 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 17-ஆம் பிரிவு, தரவை அழிக்கக் கோரும் உரிமையையே தருகிறது. ஆனால் தேடுபொறி இணைப்பை நீக்கினாலும் மூலப்பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நீக்கும்போது அறிவிக்காதீர்கள். “சில காரணங்களால் சில பதிவுகளை நீக்குகிறேன்” என்று ஒரு வரி எழுதினால் போதும், அதுவரை படிக்காதவர்களும் எவை என்று தேடுவார்கள். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டு 2003-இல் தன் கடற்கரை வீடு தெரியும் ஒரு வான்படத்தை நீக்கக் கோரி வழக்குத் தொடுத்தார். வழக்குக்கு முன்பு அந்தப் படம் தரவிறக்கப்பட்டது ஆறே முறை. அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்களால். வழக்குச் செய்தி வந்த பிறகு ஒரே மாதத்தில் 4,20,000-க்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள்.

மறுகரை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த இழையைப் படிக்கும் ஒருவர் இனிமேல் எதையும் எழுதாமல் இருப்பதே நலம் என்ற முடிவுக்கு வந்துவிடுவார் என்று அஞ்சுகிறேன். என் தந்தையாருக்கும் இதே நோய்தான். விழுங்குவதில் சிரமம் தொடங்கியபோது, மருத்துவர் சொல்ல நேரமில்லாமல் விட்டதையெல்லாம், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் புனைபெயரில் எழுதியிருந்த நாட்குறிப்பிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அவர் நீங்களாகக்கூட இருக்கலாம். அவரும் பயந்து நீக்கியிருந்தால் எனக்கு அந்த இரவுகளைக் கடக்கத் தெரிந்திருக்காது. உங்களைக் கண்டுகொண்டவரும்கூட முதலில் கேட்டது உங்கள் தாயாரின் தூக்கத்தைப் பற்றித்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. வெளியில் வந்தது உங்கள் விவரம் மட்டுமா? பிறந்த நாளும் இடக்கையும் உங்களுடையவை. நோய் உங்கள் தாயாருடையது. ஹெலன் நிஸ்ஸன்பாம் என்ற அறிஞர் 2004 முதல் வலியுறுத்தி வரும் கருத்து எனக்கு இங்கே மிகவும் பயன்படுகிறது: ஒரு விவரம் இரகசியமா இல்லையா என்பதைவிட, அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டதோ அந்தச் சூழலின் முறைக்கு உட்பட்டு நகர்கிறதா என்பதே கேள்வி. நோயாளி மருத்துவரிடம் சொல்வது முறை; மருத்துவர் அதை நோயாளியின் முதலாளியிடம் சொல்வது முறையன்று, செய்தி ஒன்றே ஆனாலும். உங்கள் தாயார் உடல் தளர்ந்து மகளின் கையை நம்பியிருக்கும் வேளையில் நீங்கள் பார்த்தவற்றை, அவர் அறியாத ஆயிரம் பேரிடம் கொண்டுசெல்வதற்கு அவருடைய ஒப்புதல் உண்டா? குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் பொதுவில் குவிப்பதும் இதே வகைதான். பிரான்சு 2024-இல் பிள்ளையின் படவுரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று சட்டமே கொண்டுவந்தது. முதியவர்களுக்காக அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கடிந்து சொல்லவில்லை. நானும் என் தந்தையாரைக் கேட்காமல்தான் எழுதினேன். கேட்கும் நிலையில் அவர் இருந்த காலத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

தாழ்வாரம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாள்கள் எடுத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுப் பதிவுகளையும் தொடக்கத்திலிருந்து, என்னைத் தெரியாத ஒருவர் படிப்பதைப்போலப் படித்தேன். ஒரு தாளில் என்னைப் பற்றித் தெரியவரும் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தேன். முதல் ஆண்டு முடிவதற்குள் தாள் நிறைந்துவிட்டது. நான் எந்தக் கிழமைகளில் வீட்டுக்குத் தாமதமாகத் திரும்புகிறேன், அந்த நேரத்தில் தாயார் தனியே இருப்பார் என்பதுகூட மூன்று பதிவுகளைச் சேர்த்தால் தெளிவாகத் தெரிந்தது. உண்மையில் என்னை நடுங்க வைத்தது பிறந்த நாளன்று, அதுதான்.

அந்த மூன்றையும், பிறந்த நாள் பதிவையும் நீக்கிவிட்டேன். படங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டேன். ஆறாம்விரல் ஐயா கேட்ட சன்னல் தொட்டிக்குப் பின்னால் பளிச்சென்று இருந்தது, அதில் எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் பாதி. இடக்கைப் பதிவை விட்டுவைத்திருக்கிறேன். அறிவிப்பு எதுவும் எழுதவில்லை. அலுவலக நண்பரிடம், இது நமக்குள் இருக்கட்டும் என்று நேரடியாகக் கேட்டுக்கொண்டேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மறுகரை அவர்கள் கேட்டதுதான் மிகவும் உறுத்தியது. தாயாரிடம் உட்கார்ந்து, இப்படி எழுதி வருகிறேன் என்று சொல்லி, சிலவற்றைப் படித்தும் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பெரும்பாலானவற்றுக்குச் சிரித்தார், இரண்டு இடங்களில் நான் மருந்தின் அளவைத் தவறாக எழுதியிருப்பதாகத் திருத்தினார். குளியலறையில் விழுந்த அன்று நடந்ததைப் பற்றிய பதிவை மட்டும், “அது வேண்டாம்” என்றார். வாசகர்கள் அதிகம் பாராட்டிய பதிவு அது. அன்றே நீக்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. நீக்கிய பதிவுகளின் கீழ் இருந்த பின்னூட்டங்கள் போய்விட்டன. ஆனால் என் வாசகர்கள் தங்கள் பக்கங்களில் அவற்றை மேற்கோள் காட்டி எழுதியவை அப்படியே இருக்கின்றன. குளியலறைப் பதிவிலிருந்து நீண்ட பகுதிகளோடு மூன்று பக்கங்கள் கண்ணில் பட்டன. அவற்றுக்கு என்ன செய்வது?

பின்வாசல் எழுதியது:

எழுதியவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேளுங்கள். பொதுப் பின்னூட்டமாக வேண்டாம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை, “என் தாயார் விரும்பவில்லை” என்ற ஒரு வரி போதும். உங்களைப் படித்து நேசித்தவர்கள்தானே, பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். புனைபெயர்க் கணக்கிலிருந்தே அனுப்புங்கள்; அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவிடாதீர்கள்.